வலது கரையில் நழுவிய மாங்காய்

"தம்பி, வலது கரையில மாங்கா நழுவுது. வந்து ஒருக்கா பாருங்க."

சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து இந்த ஃபோன் வந்தபோது தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அந்தப் பட்டறையில் நான்கு விசைத்தறிகள், நான்கின் தலையிலும் புடவையில் பூ விழ வைக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு. ஜக்கார்டை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதற்குள் ஓடும் லினக்ஸும் என் பொறுப்பு. தீபாவளி ஆர்டர் கையில் இருக்கும்போது ஒரு தறி நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாபேட்டையில் தாத்தாவின் குழித்தறிக்குப் பக்கத்தில் தூங்கி வளர்ந்தவன் நான். அன்றைக்கே வண்டியை எடுத்தேன். சிவதாபுரம் தாண்டி கஞ்சமலை கிட்டத்தில் வந்ததும் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும்.

புடவையை விரித்துக் காட்டினார்கள். இடது கரையில் மாங்காய் வரிசை வரைந்து வைத்த மாதிரி இருந்தது. வலது கரையில் அங்கங்கே ஒரு மாங்காயின் காம்பு மட்டும் ஒரு இழை அளவு தள்ளி உட்கார்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கடைக்காரர் கையில் எடுத்தால் தெரியும், விலையைக் குறைப்பார்.

தறியில் இருந்த அக்கா இன்னொன்று சொன்னார். "மெதுவா ஓட்டுனா ஒண்ணுமில்லைங்க. வேகம் வெச்சாத்தான்." சரி என்று பக்கத்தில் நின்று ஓட்டிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 100 பிக்கில் ஒரு பிழையும் இல்லை. 110-இல் எப்போதாவது ஒன்று. 120-க்கு ஏற்றினால் வலது கரை முழுவதும் குழப்பம். நாடா ஒருமுறை குறுக்கே ஓடுவதைத்தான் பட்டறையில் பிக் என்பார்கள். அந்த அக்கா சொன்ன ஒரு வரியில் விடையில் பாதி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

ஜக்கார்டு செய்வது இதுதான். பாவின் இழைகளை ஊக்குகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு பிக்குக்கும் எந்த ஊக்கு மேலே போக வேண்டும், எது கீழேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால் பூ விழும். பழைய ஜக்கார்டில் இந்த முடிவு அட்டையில் துளையாக இருந்தது. எங்கள் பெட்டியில் அது கோப்பில் இருக்கிறது. 512 ஊக்குகள், ஊக்குக்கு ஒன்றாக 512 மின்காந்தச் சுருள்கள். 64 சுருளுக்கு ஒரு மின்சுற்றுக் கார்டு என்று எட்டு கார்டுகள். தண்டில் இருக்கும் சென்சார் அடுத்த பிக் வருகிறது என்று துடிப்பு அனுப்பியதும், பெட்டிக்குள் இருக்கும் கணினி போர்டு முதல் கார்டுக்கு எட்டு பைட் அனுப்பி, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லும் லாட்ச் துடிப்பை அடிக்கும், பிறகு இரண்டாவது கார்டு, மூன்றாவது என்று எட்டு வரை போகும். எல்லாச் சுருளையும் ஒரே கணத்தில் மாற்றினால் 24 வோல்ட் சப்ளை சரிந்துவிடும். அதனால் கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே 2 மில்லி நொடி பொறுக்கச் சொல்லி, கார்டுகளை இயக்கும் டிரைவர் நிரலில் எழுதியிருந்தேன். ஏழு இடைவெளி, 14 மில்லி நொடி. தறித் தண்டு கால் சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் எட்டு கார்டும் தயாராக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 பிக் என்றாலும் கால் சுற்றுக்கு 125 மில்லி நொடி கிடைக்கிறது. தாராளம் என்று நினைத்திருந்தேன்.

டிரைவரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது போர்டு மட்டும்தான். பழைய வகை கிடைக்காமல் போனதால், ஒரு தறியில் ஒரு கிகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் ஏ8 சிப் உள்ள வேறு போர்டு வைத்திருந்தோம். அதில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.4 வரிசை. பழைய போர்டு உள்ள மூன்று தறிகளும் 120-இல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

முதல் இரண்டு நாள் கம்பியையும் சப்ளையையும் சென்சாரையும் சந்தேகப்பட்டேன். வலது கரையைத் தூக்குபவை எட்டாவது கார்டின் ஊக்குகள். அதனால் எட்டாவது கார்டையே மாற்றினேன். பிழை அதே இடத்தில். எட்டாவது கார்டையும் முதல் கார்டையும் இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் பிழை வலது கரையில்தான். அங்கேதான் புத்தி வேலை செய்தது. கோளாறு கார்டில் இல்லை, கடைசியாகப் போவதில் இருக்கிறது. எட்டாவது கார்டுக்குத் தகவல் நேரத்துக்குப் போகவில்லை என்றால், போன பிக்கின் தகவலையே பிடித்துக்கொண்டு அது நிற்கும். காம்பு ஒரு இழை தள்ளி உட்காரும்.

எங்கேயோ நேரம் போகிறது. கெர்னலின் டைமர் நொடிக்கு எத்தனை முறை தட்டுகிறது என்ற அதிர்வெண் இரண்டு போர்டிலும் வேறாக இருக்குமோ என்று அப்போதே தோன்றியது. லினக்ஸின் அமைப்பு எண்களைச் சொல்லும் கெட்கான்ஃப் கட்டளையில் சிஎல்கே டிசிகே என்ற எண்ணைக் கேட்டுப் பார்த்தேன். பழையதில் 100. புதியதிலும் 100. ஒன்றுதான் என்று அந்த எண்ணத்தை ஓரம் வைத்தேன். ஒரு முழு நாள் போனது அதனால்தான். அந்தக் கட்டளை சொல்வது கெர்னலின் உள்ளே டைமர் தட்டும் கணக்கை அல்ல. வெளியே உள்ள நிரல்களிடம் பேசும்போது கெர்னல் பயன்படுத்தும் யூசர் எச்இசட் என்ற கணக்கை. உள்ளே 1000 வைத்தாலும் 250 வைத்தாலும் வெளியே 100 என்றுதான் சொல்லும், பழைய நிரல்கள் உடையாமல் இருப்பதற்காக. இதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். யாராவது இப்போது இதே கட்டளையை அடித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மூன்றாம் நாள் காலையில் மின் துடிப்புகளைத் திரையில் காட்டும் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு லாட்ச் துடிப்புகளையும் ஒரே திரையில் பிடித்தேன். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். முதல் துடிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு பிக்குக்கும் மாறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை 11 மில்லி நொடி, அடுத்து 17, அப்புறம் 14. மீதி ஆறு இடைவெளிகளும் அச்சடித்த மாதிரி 20. இரண்டு கேட்ட இடத்தில் இருபது!

மொத்தத்தைக் கூட்டினால் 130-க்கும் 140-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அக்காவின் வார்த்தையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 100 பிக்கில் கால் சுற்று 150 மில்லி நொடி, எப்போதும் போதும். 120-இல் 125, எப்போதும் போதாது. 110-இல் 136. முதல் இடைவெளி சின்னதாக விழுந்தால் பிழைக்கும், பெரிதாக விழுந்தால் காம்பு நழுவும். நாங்கள் ஓட்டிப் பார்த்த மூன்று நிலையும் ஸ்கோப் திரையில் அப்படியே இருந்தன. அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பட்டறை முதலாளி என் முகத்தைப் பார்த்தே டீ சொல்லிவிட்டார்.

இரண்டு எப்படி இருபது ஆனது? கெர்னலுக்குள் ஒரு டைமர் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் ஒரு டிக். ஒவ்வொரு டிக்கிலும் ஜிஃபி என்ற எண் ஒன்று கூடும். நொடிக்கு எத்தனை டிக் என்பதை எச்இசட் என்ற மாறிலி சொல்கிறது. அது கெர்னலை மூலநிரலிலிருந்து கட்டும்போதே தீர்மானமாகிவிடும், ஓடும்போது மாற்ற முடியாது. 100 என்றால் டிக்குக்கு 10 மில்லி நொடி. நான் எழுதியிருந்தது எம்எஸ்லீப் 2, அதாவது 2 மில்லி நொடி தூங்கு என்ற கெர்னல் அழைப்பு. எம்எஸ்லீப்புக்கு ஜிஃபியில்தான் எண்ணத் தெரியும். 2 மில்லி நொடியை மேல்நோக்கி முழுமையாக்கி ஒரு ஜிஃபி ஆக்கும். கேட்டதைவிடக் குறைவாகத் தூங்கிவிடக் கூடாது என்று இன்னொரு ஜிஃபியைச் சேர்க்கும். ஆக இரண்டு டிக். முதல் தூக்கம் ஒரு டிக்கின் நடுவில் எங்கேயோ தொடங்குவதால் 10-இலிருந்து 20 வரை எதுவாகவும் இருக்கலாம். அதிலிருந்து எழுவது சரியாக ஒரு டிக்கின் விளிம்பில். எழுந்த வேகத்தில் எட்டு பைட்டை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கினால் முழுசாக இரண்டு டிக் காத்திருக்க வேண்டும். அதுதான் அச்சடித்த 20. (கெர்னல் 4.8-இல், டைமர்களை அடுக்கி வைக்கும் டைமர் சக்கரத்தையே திருத்தி எழுதினார்கள். அதனால் புதிய கெர்னல்களில் இந்த ஜிஃபிக் கணக்கு இப்படியே பொருந்தாது. சின்னத் தூக்கத்துக்கு எம்எஸ்லீப் வேண்டாம் என்பது மட்டும் மாறவில்லை.)

இது ரகசியமும் இல்லை. அந்தக் கெர்னலோடு வந்த டைமர் ஆவணத்திலேயே, 20 மில்லி நொடிக்குக் குறைந்த எம்எஸ்லீப் நினைத்ததைவிட நீளும், சுமார் 20 வரை போகும் என்று எழுதியிருக்கிறார்கள். கெர்னல் நிரலைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியும் இதே எச்சரிக்கையைத் தந்தது. டிரைவர் எழுதிய காலத்தில் அதை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தப் புடவைகள் தப்பித்திருக்கும்.

பழைய போர்டில் மட்டும் ஏன் சரியாக ஓடியது? கெர்னல் எந்தத் தேர்வுகளோடு கட்டப்பட்டது என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பு அதில் இல்லை. ஆனால் கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில் டைமர் லிஸ்ட் என்று ஒரு கோப்பு உண்டு, அதில் ஜிஃபி எண் தெரியும். பத்து நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்தேன். புதிய போர்டில் ஏறக்குறைய 1,000 கூடியிருந்தது. பழையதில் 10,000. பழைய கெர்னலைக் கட்டியவர்கள் 1000 ஹெர்ட்ஸ் வைத்திருக்கிறார்கள். அங்கே 2 மில்லி நொடி என்பது இரண்டு ஜிஃபி, கூட ஒன்று, ஆக 3 மில்லி நொடி. ஏழு இடைவெளிக்கும் சேர்த்து 21. என் பிழையை இத்தனை நாள் அந்த 1000 மூடி வைத்திருந்தது.

டைமர் லிஸ்டைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். போர்டு எழுந்த உடனே ஜிஃபி பூஜ்ஜியத்தில் இருக்காது, 429 கோடிக்குப் பக்கத்தில் இருக்கும். 32 பிட்டில் அந்த எண் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப 100 ஹெர்ட்ஸில் 497 நாள் ஆகும், 1000-இல் 49.7 நாள். அந்தத் திருப்பத்தில் தடுமாறும் டிரைவரை 497 நாள் கழித்துக் கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்? அதனால் எழுந்த ஐந்தாவது நிமிடத்திலேயே திருப்பம் வரும்படி எண்ணை வேண்டுமென்றே தள்ளி வைத்துத் தொடங்குகிறார்கள். இதை எழுதிய புண்ணியவானுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் டிரைவரின் முதல் பதிப்பில் ஜிஃபியை நேரடியாகப் பெரிது சிறிது என்று ஒப்பிட்டிருந்தேன். தறி சரியாக ஐந்தாவது நிமிடம் நின்றது. அந்தத் திருப்பத்தையும் கணக்கில் எடுத்து ஒப்பிடும் டைம் ஆஃப்டர் என்ற மேக்ரோவை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இந்த 100, 1000 எண்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. லினக்ஸ் 2.4 காலத்தில் பிசியில் 100. 2.6-இல் 1000 ஆக்கினார்கள். நொடிக்கு ஆயிரம் முறை டைமர் குறுக்கிடுவது (இன்டரப்ட்) சும்மா இருக்கும் மடிக்கணினியின் பேட்டரியைத் தின்கிறது என்று புகார் வர, 2005-இல் 2.6.13 வந்தபோது 100, 250, 1000 என்று தேர்வாக மாற்றி 250-ஐ இயல்பாக வைத்தார்கள். பிறகு 300-ம் சேர்ந்தது. நொடிக்கு 25 படம், 30 படம் என்ற இரண்டு வீடியோ முறைக்கும் 300 மீதியில்லாமல் வகுபடும், அதுதான் காரணம். புதிய போர்டின் சிப் சேர்ந்த 32 பிட் ஏஆர்எம் வகையில் இயல்பு 100 தான். எனவே புதிய போர்டின் கெர்னலில் தவறு எதுவும் இல்லை.

அன்று மாலை அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து கெர்னலைத் திரும்பக் கட்டினேன். எதிரே சேர்வராயன் மலையில் ஏற்காட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. கெர்னலின் தேர்வுகளை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் கெர்னல் ஃபீச்சர்ஸ், அதற்குள் டைமர் ஃபிரீக்வன்சி, 1000. வேலை அவ்வளவுதான். ஆனால் ஒன்று முக்கியம். கெர்னலை மட்டும் மாற்றிவிட்டு, அதில் தனியாக ஏற்றும் பழைய மாட்யூல்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு மாட்யூல் எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டது என்று சரிபார்க்கும் வெர்மேஜிக்கில் எச்இசட் இல்லை. பழைய மாட்யூல் முனகாமல் ஏறிவிடும், உள்ளே 100 என்ற பழைய கணக்கோடு. எல்லாவற்றையும் சேர்த்தே கட்டுங்கள்.

மறுநாள் 120-இல் தறி ஓடியது, கரை சுத்தமாக விழுந்தது. பட்டறையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

நொடிக்கு ஆயிரம் டிக் என்பது இந்த போர்டுக்குப் பெரிய பாரம் என்று சொல்லமாட்டேன். ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப்பில் ஒவ்வொரு டிக்குக்கும் நடுவே பத்து லட்சம் சுழற்சிகள் இருக்கின்றன. நோஎச்இசட் வைத்துக் கட்டினால் சிப் சும்மா இருக்கும்போது டிக்கையே நிறுத்திவிடுகிறது. என் கவலை வேறு. 2 மில்லி நொடி வேண்டும் என்று டிரைவர் கேட்கிறது. அது கிடைப்பதும் கிடைக்காததும் வேறு யாரோ மெனுவில் எதைத் தேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு இந்த போர்டும் கிடைக்காமல் போகும், மூன்றாவது ஒன்று வரும், அதன் கெர்னலில் 250 இருக்கும். அப்போது இடைவெளி 8 மில்லி நொடி, மொத்தம் 56. பிழை இருக்கும், தெரியாது. தறியை வேகமாக்கும் ஒருநாள் வேறு யாருக்கோ தெரியவரும்.

மில்லி நொடிக்கும் கீழே துல்லியம் வேண்டுமென்றால் கெர்னலில் தனி வழி இருக்கிறது. ஹெச்ஆர்டைமர் என்ற ஹை ரெசல்யூஷன் டைமர் 2006-இல் 2.6.16-இல் நுழைந்தது. 2007-இல் 2.6.21-இலிருந்து டிக்குக்குக் காத்திராமல் வன்பொருள் டைமரையே தேவையான கணத்துக்குத் திருப்பி வைக்கும் வசதி வந்தது. நாம் சாதாரண நிரலில் எழுதும் நானோஸ்லீப் அந்த வழியில்தான் போகிறது. "என் நிரல் துல்லியமாகத் தூங்கவில்லை, எச்இசட்டை 1000 ஆக்கப் போகிறேன்" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் தடுப்பது இதனால்தான். நானோஸ்லீப் தாமதமானால் டிக்கைவிட மற்ற காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். எச்இசட் நேரடியாகத் தொடுவது ஜிஃபியில் எண்ணுகிறவற்றை. எம்எஸ்லீப், பழைய வகை டைமர்கள், எந்த வேலை ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் எவ்வளவு அடிக்கடி எட்டிப் பார்க்கிறது என்பது, இப்படி. ஒரே நேரத்தில் பல வேலைகள் போட்டிபோடும் பெட்டியில் ஷெட்யூலருக்காக 1000 வைப்பதில் நியாயம் உண்டு. என் பெட்டியில் ஓடுவது இந்த ஒரு வேலைதான்.

எம்எஸ்லீப் இருந்த இடத்தில் யுஸ்லீப் ரேஞ்ச் வைத்தேன். குறைந்தது 2000 மைக்ரோ நொடி, அதிகம் 2500. மேல் எல்லையும் கேட்கும் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு தாமதம் எனக்குச் சம்மதம் என்று கெர்னலிடம் ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறோம், அதற்குள் வேறு எழுப்புதல்களோடு சேர்த்துக்கொள்ள அதற்கும் இடம் கிடைக்கிறது. ஹை ரெசல்யூஷன் டைமர் கான்ஃபிக்கில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன். அது இல்லாவிட்டால் இதுவும் டிக்குக்குத்தான் காத்திருக்கும்.

டிரைவரைத் திறந்ததுதான் திறந்தோம் என்று எல்லா வரியையும் படித்தேன். சென்சார் துடிப்பில் வரும் அதிர்வை வடிகட்டும் இடத்தில் வெறும் 5 என்று எழுதியிருந்தது. ஐந்து ஜிஃபி. பழைய போர்டில் 5 மில்லி நொடி, புதியதில் 50. தறியின் வேகத்துக்கு 50-ம் தாங்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அதையும் மில்லி நொடியிலிருந்து ஜிஃபிக்கு மாற்றும் ஃபங்ஷன் வழியாக எழுதி வைத்தேன்.

அப்புறம் எச்இசட்டை வேண்டுமென்றே 100-க்குத் திருப்பினேன். அதில் சரியாக ஓடினால்தான் எனக்கு நிம்மதி. மேசையில் சென்சாருக்குப் பதில் ஒரு துடிப்பு ஜெனரேட்டரை மாட்டி 100, 250, 1000 மூன்றிலும் கட்டிக் கட்டி ஓட்டினேன். ஸ்கோப்பில் மூன்றும் ஒரே படம். ஏழு இடைவெளியும் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே. முதல் இடைவெளி ஆட்டம் போடவில்லை.

வெள்ளிக்கிழமை இளம்பிள்ளையில் எஸ்டி கார்டை மாற்றினேன். 120-இல் ஓடவிட்டார்கள். ஐந்தாவது நிமிடம் தாண்டும்வரை நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தி முடிந்து உடல் பகுதி ஒரு முழம் வந்ததும் அக்கா தறியை நிறுத்தினார். வலது கரையை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு மாங்காயின் காம்பையும் நகத்தால் தடவிக்கொண்டே போனார். பதினெட்டு மாங்காய் எண்ணினார்.

"சேர்ந்துருச்சுங்க," என்றார். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பழைய போர்டு இருக்கும் மற்ற மூன்று தறிக்கும் இதே டிரைவரைக் கட்டி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.